மாத்திரை சாப்பிடாமல் குணமான சீரம்

இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் ஐந்து மாத காலம், பல்லாவரம் தொடங்கி கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் குடியிருந்த லூபஸ் நோயாளிகள் ஒருவர் விடாமல் குணமாகிக்கொண்டே வந்தார்கள். புது மருந்து எதுவும் வரவில்லை. எந்தச் சாமியும் இறங்கி வரவில்லை. அவர்களுடைய ரத்தத்தைப் பரிசோதித்தவனுக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவுதான். பரிசோதித்தவன் நான்.

இதை ஓய்வு பெற்ற பிறகு எழுதுகிறேன் என்பதிலிருந்தே என் தைரியத்தின் அளவு தெரிந்துவிடும். போன மாதம் நான் வேலை பார்த்த மேற்குத் தாம்பரம் லேபுக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ரத்தத்தைக் கொடுத்தால் மறுபக்கம் எண்ணைக் கொடுக்கிறது. அதைக் கவனித்துக்கொள்ளும் நித்யா, "அப்போல்லாம் டிஎன்ஏ ஆன்டிபாடியைக் கண்ணாலயே பாத்துச் சொல்லிடுவீங்களாமே சார், எப்படி சார்?" என்று கேட்டாள். கேள்வியில் மரியாதை இருந்தது. அதைக் கெடுக்க மனசு வராமல், "எல்லாம் ஒரு பழக்கம்தாம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. நித்யாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். எந்த விலங்கும் வேலை கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு லேப் டெக்னீசியன் படிப்பு. அப்புறம் இருபது வருடங்கள், மனிதன் எதையெல்லாம் வெளியேற்றுவானோ அதையெல்லாம் டப்பாவில் வாங்கிப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தாறாம் வயதில்தான் இந்த லேபில் எனக்கு ஆன்டிபாடி வேலை கிடைத்தது. டப்பாவிலிருந்து ஊசிக்கு வந்ததை என் மனைவி பதவி உயர்வாகக் கருதி, பக்கத்து வீட்டில் சொன்னாள்.

லூபஸ் என்பது வீட்டுக் காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கிற நோய். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும். மூட்டு வலிக்கும், முடி கொட்டும், வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் போய் உட்காரும். இந்த நோய் உள்ள பல பேருக்கு, தன் சொந்த டிஎன்ஏவையே எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் ஊறும். நோய் சீறினால் அது ஏறும், அடங்கினால் இறங்கும். எல்லோருக்கும் அப்படி இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு அப்படி. ஆகவே டாக்டர்கள் அந்த எண்ணை அடிக்கடி பார்த்து, மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிப்பார்கள்.

அந்த எண் பிறக்கும் விதத்தைச் சொல்லவேண்டும். கிரித்திடியா என்று ஓர் ஒற்றைச் செல் ஜீவன் இருக்கிறது. பூச்சிகளின் குடலில் வாடகை இல்லாமல் வசிப்பது. அதனால் மனித குலத்தில் என்னைத் தவிர யாருக்கும் தொல்லை கிடையாது. அதன் வாலடியில் ஒரு பொட்டு உண்டு. அந்தப் பொட்டு முழுக்க டிஎன்ஏ. இந்த ஜீவன்களைக் கண்ணாடித் தகட்டில் வட்டம் வட்டமாக ஒட்டி விற்பார்கள். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் மஞ்சள் நீரை, ஒன்றுக்குப் பத்து, இருபது, நாற்பது, எண்பது என்று இரட்டித்து இரட்டித்து நீர்க்க வைக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு. அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவி, ஒளிரும் சாயம் விட்டு, மறுபடி ஊறவைத்து, மறுபடி கழுவி, பாதரச விளக்கு பொருத்திய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். சீரத்தில் அந்த ஆன்டிபாடி இருந்தால் பொட்டு பச்சையாக மின்னும். எவ்வளவு நீர்த்த பிறகும் மின்னுகிறதோ அதுதான் எண். எண்பதில் மின்னி நூற்றி அறுபதில் அணைந்துவிட்டால் எண்பது.

மின்னுகிறதா அணைந்ததா என்று தீர்ப்புச் சொல்வது மைக்ராஸ்கோப்புக்கு மேலே இருக்கும் கண். மேல்முறையீடு கிடையாது.

இதற்கு இருட்டறை வேண்டும். எங்கள் கட்டிடத்தில் ஜன்னலே இல்லாத அறை ஒன்றுதான் இருந்தது, முதல் மாடி பாத்ரூம். கக்கூஸ் கோப்பையின் மேல் பலகை அடித்து, பலகையின் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தார்கள். குழாயை மட்டும் யாரும் கழற்றவில்லை, அது சொட்டிக்கொண்டிருக்கும். தாம்பரத்தின் மிக நுட்பமான ரத்தப் பரிசோதனை, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு நடந்தது. பழைய நோயாளிகள் வெளியே நின்று தட்டுவார்கள். "ஆள் இருக்கு" என்பேன். "சீக்கிரம் சார்" என்பார்கள்.

எங்கள் தலைமை, டாக்டர் கமலவேணி. அரசு மருத்துவக் கல்லூரியில் நோயியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் பிழைத்திருப்போம். எந்த முடிவைக் கொண்டு நீட்டினாலும், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "யார் சொன்னது?" என்பார்.

"நூற்றி அறுபது மேடம்."

"யார் சொன்னது?"

"பாத்தேன் மேடம்."

"அப்போ பாலு சொன்னது. சீரம் என்ன சொல்லுது?"

இந்தக் கேள்விக்கு அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். ஒவ்வொரு நோயாளியின் மிச்ச சீரத்தையும் சின்னக் குப்பியில் ஊற்றி, பெயர் எழுதி, ஃப்ரீசரில் ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைக்க வேண்டும். அதே நோயாளி அடுத்த முறை வந்தால், பழைய குப்பியை எடுத்து உருக்கி, புது சீரத்தையும் பழைய சீரத்தையும் ஒரே தகட்டில், ஒரே நாளில், ஒரே விளக்கில், ஒரே கண் பார்க்க வேண்டும். "போன மாச பாலுவும் இந்த மாச பாலுவும் ஒரே ஆள் இல்ல. எண்ணை எண்ணோட ஒப்பிடாதீங்க, சீரத்தை சீரத்தோட ஒப்பிடுங்க" என்பார். அந்தப் பெட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் கருவாட்டுப் பெட்டி. அவர் காதில் விழாத தூரத்தில் வைத்த பெயர்.

எனக்கு இது பிடிக்கவில்லை. வேலை இரட்டிப்பு என்பது ஒன்று. அதைவிட, பழைய சீரத்தை மறுபடி பார்க்கச் சொல்வது என் கண்ணைச் சந்தேகப்படுவது என்று பட்டது. நாலைந்து வருடத்தில் எனக்குப் பெயர் வந்திருந்தது. குரோம்பேட்டையில் இருந்த மூட்டு நோய் டாக்டர், எங்களுக்கு அதிகம் நோயாளிகளை அனுப்புகிறவர், போனில் நேராக என்னைத்தான் கூப்பிடுவார். "பாலு, உங்க ரீடிங் இருந்தா எனக்குப் போதும்." இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு பாத்ரூமில் உட்கார்ந்திருப்பவனும் நீதிபதி மாதிரிதான் உட்காருவான்.

அந்த வருடம் மேடம், மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனார். ஐந்து மாதம். பொறுப்பு என்னிடம். அவர் விமானம் ஏறிய வாரமே கருவாட்டுப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்தேன். தூக்கி எறியவும் நினைத்தேன். ஃப்ரீசரின் அடியில் பனி உறைந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்ட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். என் பணிக்காலத்தில் என் சோம்பல் செய்த ஒரே நல்ல காரியம் அது.

என் கண்ணைப் பற்றி எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. எதிரே வரும் லாரிகளின் ஹெட்லைட்டைச் சுற்றி வட்டமாக ஒளி தெரிந்தது. லாரிக்காரர்கள் ஏதோ புது விளக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ரயில் நிலையத்தில் போர்டு தெரியவில்லை. ரயில்வேயைத் திட்டினேன். பஸ் நம்பர் தெரியவில்லை. "மேடவாக்கம் போகுமா?" என்று கேட்டே ஏறப் பழகிக்கொண்டேன், அதை எளிமை என்று வேறு எண்ணினேன். மைக்ராஸ்கோப்பில் பொட்டுகள் மங்கின. பாதரச விளக்குக்கு வயதாகிவிட்டது என்று புது விளக்கு கேட்டு வாங்கினேன். புது விளக்கிலும் மங்கின. கம்பெனி தரத்தைக் குறைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு தகட்டிலும், மின்னியே தீரவேண்டும் என்று கம்பெனிக்காரன் உத்தரவாதத்தோடு அனுப்பும் ஒரு சோதனைச் சொட்டு உண்டு. அது மங்கலாகத் தெரிந்தபோதெல்லாம், 'அது மின்னும், நமக்குத் தெரியாதா' என்று நம்பிக்கையின் பேரில் 'பிரகாசம்' என்று எழுதினேன். உலகத்தில் என் கண்ணைத் தவிர எல்லாவற்றிலும் குறை கண்டேன்.

இனி செல்வி.

செல்விக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கோவளம் பக்கத்துக் குப்பம். விடியலில் கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வந்து, கோவிலம்பாக்கம் பஸ் ஸ்டாப் அருகே விற்பவள். லூபஸ்காரர்கள் வெயிலில் போகக்கூடாது என்பது முதல் விதி. மீன் விற்பவளிடம் அதைச் சொன்னால் என்ன செய்வாள்? ஒரு பெரிய கறுப்புக் குடையைப் பக்கெட் மண்ணில் நட்டு, அதன் கீழே உட்கார்ந்து விற்றாள். முதல் தடவை லேபுக்கு வந்தபோது கன்னத்தைக் காட்டி, "மீனுக்குத்தான் செதிலு வரும்னு பாத்துகினு இருந்தேன் சார். எனுக்கும் வந்துட்சி" என்றாள்.

மேடம் ஊருக்குப் போகுமுன் பார்த்ததில் அவளுக்கு நூற்றி அறுபது. ஸ்டீராய்டு மாத்திரை ஏற்கெனவே நிறையப் போய்க்கொண்டிருந்தது. அது நோயை அடக்கும், முகத்தை ஊதவைக்கும். செல்விக்கு நோயைவிட முகம்தான் பெரிய பிரச்சினை.

"இட்லிப்பானை மூடி மாரி கீறேன்னு மார்க்கெட்ல சிரிக்கிறாளுங்க சார். இத்த எப்போ கொறைப்பாங்க?"

"எண் குறைஞ்சா மாத்திரை குறையும்மா."

"அப்போ நீ கொறைச்சி எய்து சார்."

"அதெல்லாம் நம்ம கையில இல்ல" என்றேன். பொய். முழுக்க என் கையில்தான் இருந்திருக்கிறது.

அடுத்த முறை எண்பது வந்தது. அப்புறம் நாற்பது. அப்புறம் இருபது. ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பார்த்தே எண்ணைப் படித்துவிடுவாள். "மார்க்கெட்ல கூட இப்டி வெல எறங்காது சார்" என்றாள். குரோம்பேட்டை டாக்டர் ஒவ்வொரு எண்ணுக்கும் மாத்திரையைக் குறைத்தார். முகம் வடிந்தது. ஒரு நாள் எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலி கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அதற்குத் தகுதியானவன் என்றே நினைத்தேன்.

ஐந்தாவது மாதம் வந்தபோது செருப்பு போடாமல் வந்தாள்.

"செருப்பு ஏற மாட்டேங்குது சார். காலப் பாரு." முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கி எடுத்தாள். குழி விழுந்தது. அப்படியே நின்றது. "மீன அமுக்கினா இப்டி குழி நிக்கக் கூடாது. நின்னா அது கெட்ட மீனு."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். அவரு கால எங்க பாத்தாரு, உன் சீட்டப் பாத்தாரு. ஒண்ணியும் இல்லமா, நின்னுகினே யாவாரம் பண்றல்ல, அதான் வீக்கம்னாரு. நான் குந்திகினுதான் சார் விக்கிறேன்."

நான் ஊசியை எடுத்தேன். நரம்பு தெரியவில்லை. குனிந்து கிட்டத்தில் பார்த்துக் குத்தினேன். கிடைக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை ரத்தம் வந்தபோது, என் முகம் அவள் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது. அவள் இன்னொரு கையால் என் தாடையைப் பிடித்து டியூப்லைட் பக்கம் திருப்பினாள். கூடையில் மீனைத் திருப்புகிற அதே கை.

"சார், உன் கண்ணு நடுவுல வெள்ளையா கீது."

"விடும்மா."

"பால் வுட்டா மாரி கீது சார். இந்த மாரி கண்ணோட ஒரு மீன் வந்தா, நான் கூடைல வைக்க மாட்டேன்."

"நீ மீனைப் பாரு. நான் ரத்தத்தைப் பாக்கறேன்."

"நீ எங்க சார் பாக்குற. மூணு தபா குத்திட்ட."

அவள் போன பிறகு சோதனையை முடித்தேன். பத்து என்று எழுதினேன். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். டைப் அடித்தும் ஆயிற்று. அன்று மதியம்தான் மேடம் வந்தார். முந்தின நாள் விமானம் இறங்கியவர், தூக்கம்கூடச் சரியாகாமல் வந்து என் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டை எடுத்தார்.

"நூற்றி அறுபதுல இருந்தது பத்தா? நல்ல விஷயம். பழசையும் சேத்து ஓட்டினீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன்?"

"ஸ்டெடியா இறங்கிட்டே வந்தது, அதனால..."

"யார் சொன்னது?"

அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இந்த முறை சொன்னவர் இருவர். நான் ஒன்று சொன்னேன், செல்வியின் கால் ஒன்று சொன்னது.

"யூரின் பாத்தாச்சா?"

"டாக்டர் எழுதல மேடம்."

மேடம் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து கழற்றாமல் ஃப்ரீசர் முன்னால் உட்கார்ந்தார். பனியை அவரே கரண்டியால் சுரண்டினார். கருவாட்டுப் பெட்டி வந்தது. அதிலிருந்து செல்வியின் குப்பி வந்தது, ஐந்து மாதத்துக்கு முந்தையது, நான் என் கையால் நூற்றி அறுபது எழுதியது. இரண்டையும் ஒரே தகட்டில் ஓட்டினேன். பாத்ரூமில் ஒரு ஸ்டூல்தான். நான் உட்கார்ந்தேன், அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். குழாய் சொட்டியது.

"சொல்லுங்க."

"புதுசு... பத்து மேடம்."

"பழசு?"

பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். விளக்கைச் சரிசெய்து பார்த்தேன். வேறு வழியில்லை.

"அதுவும் பத்துதான் மேடம்."

மேடம், "ஆக, அஞ்சு மாசம் ஃப்ரீசர்ல இருந்த சீரம், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாம குணமாயிடுச்சு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எழுந்திரிங்க, நான் பாக்கறேன்."

அவர் இரண்டு கண்ணுக்கும் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். பார்த்தார். பழையது நூற்றி அறுபது, நான் எழுதியபடியே. புதியது அறுநூற்று நாற்பது.

நான் பலகை அடித்த கோப்பையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அது கட்டப்பட்ட நோக்கத்துக்கு அன்றுதான் ஏறக்குறையப் பயன்பட்டிருக்கும்.

"அந்தப் பொண்ணு எங்க இருப்பா?" என்றார் மேடம். அவள் கொடுத்திருந்த செல்போன் எண்ணை முயன்றோம். மணி அடிக்கவே இல்லை. சாயங்காலம் ஆறு மணி வரை கோவிலம்பாக்கத்தில் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். மேடம் ஒரு டப்பாவையும், சிறுநீரில் புரதம் பார்க்கும் காகிதப் பட்டைகள் இருந்த பாட்டிலையும் என் கையில் கொடுத்தார். "ஸ்கூட்டர்ல போகாதீங்க. இன்னொருத்தர் உயிருக்கும் நாம பொறுப்பு எடுத்துக்க வேண்டாம்."

இரண்டு பஸ் மாறினேன், இரண்டையும் கேட்டுக் கேட்டு. செல்வியின் குடையைக் கண்டுபிடிப்பது சுலபம், அந்த ரோட்டில் அவ்வளவு பெரிய கறுப்பு உருவம் வேறில்லை. எனக்கே தெரிந்தது. நான் கையில் டப்பாவோடு போய் நின்றதும் பக்கத்துக் கூடைக்காரி, கனகா அக்கா, "யாரோ பெரிய மன்ஸன் மீன் வாங்க டப்பா எடுத்தாந்துகீறாரு பாரு" என்றாள்.

செல்வி டப்பாவைப் பார்த்தாள். "இதுல நாலு நெத்திலி கூட கொள்ளாதே சார்."

குனிந்து காதருகே சொன்னேன்.

"இன்னாடி கேக்குறாரு?" என்றாள் கனகா அக்கா.

"மூத்திரம் வோணுமாம்க்கா."

"நல்லாகீது யாவாரம்" என்றாள் கனகா அக்கா.

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு எழுந்தாள். "கூடையப் பாத்துக்க சார்" என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டு உள்ளே போனாள். குடையின் கீழே நான் உட்கார்ந்தேன். பேண்ட் சட்டை போட்ட ஒருவர் வந்து, ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஃப்ரெஷ்தானா? பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"எனக்குக் கண் தெரியாது சார்" என்றேன்.

அந்த உண்மையை என் வாயால் நான் முதன்முதலாகச் சொன்னது ஒரு வஞ்சிர வாடிக்கையாளரிடம்தான். அவர் மீனைக் கீழே வைத்துவிட்டு, கோழிக்கடை பக்கம் போய்விட்டார்.

செல்வி வந்தாள். டப்பாவில் நுரை நின்றது, சோப்புத் தண்ணீர் மாதிரி. பட்டையை நனைத்து எடுத்தேன். புரதம் இருந்தால் பட்டையின் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும், எவ்வளவு பச்சையோ அவ்வளவு புரதம். பாட்டிலின் மேல் வண்ணக் கட்டங்கள் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் ஒப்பிடவில்லை. பட்டையையும் பாட்டிலையும் அவளிடமே கொடுத்தேன்.

"நீயே பாரு. எந்தக் கட்டத்தோட சேருது?"

அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "கடைசிக்கு முன்னால கீற பச்சை."

"நல்லாப் பாத்தியா?"

"நான் ஒரே தபாதான் பாப்பேன் சார்."

மூன்று பிளஸ். சிறுநீரகத்திலிருந்து புரதம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நல்லதா, கெட்டதா?"

"கெட்டதும்மா."

"அப்போ உன் சீட்டு?"

"அது இதைவிடக் கெட்டது. என் கண்ணு தப்பாப் பாத்துடுச்சு. நாலு தடவையும்."

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிட்னி பூட்சா சார்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அது அந்த ஐந்து மாதத்தில் நான் அவளுக்குக் கொடுத்த முதல் சரியான ரிப்போர்ட்.

மறுநாள் காலை மேடத்தின் கடிதத்தோடு அவளைச் சென்ட்ரல் பக்கம் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். வீக்கம், ஆனால் தழும்பு விழவில்லை. இன்னும் இரண்டு மூன்று மாதம் போயிருந்தால் இந்த வாக்கியம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டு மறுபடி ஏறியது. மாதம் ஒரு முறை மருந்து ஏற்றினார்கள். முகம் மறுபடி இட்லிப்பானை மூடி ஆயிற்று. இந்த முறை அவள் அதைப் பற்றி என்னிடம் புகார் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

லேபில், மேடம் எனக்கு முன்னால் ஒரு போனை வைத்தார். அந்த ஐந்து மாதத்தில் நான் பார்த்த பத்துப் பன்னிரண்டு லூபஸ்காரர்களின் டாக்டர்களுக்கும் நானே போன் செய்து, நானே சொல்ல வேண்டும். எல்லோருடைய சீரத்தையும் மறுபடி ஜோடியாக ஓட்டி மேடமே பார்த்தார். இரண்டு பேருக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டி வந்தது. பொத்தேரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எண் மிக அதிகம், ஆனால் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அவளுடைய டாக்டர் எண்ணை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். குரோம்பேட்டை டாக்டர் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். அப்புறம், "நானும் அந்தக் காலை அமுக்கிப் பாத்திருக்கணும் பாலு" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் ரீடிங் போதும் என்று அவர் சொன்னதில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்து, மேஜையைக்கூட ஒழித்து வைத்திருந்தேன். மேடம் மேஜையைப் பார்த்துவிட்டு, "புதுசா ஒருத்தரை வெச்சா அவருக்குத் தன் கண்மேல சந்தேகமே இருக்காது. உங்களுக்கு இனிமே இருக்கும். சாமானைத் திரும்ப அடுக்குங்க" என்றார். போகிற போக்கில், "சர்க்கரை எவ்வளவு?" என்றார். இருபத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சர்க்கரை பார்த்த எனக்கு என் சர்க்கரை தெரியாது. பார்த்தோம். ஏகத்துக்கு இருந்தது, அது ஏறினால் கண்புரையும் சீக்கிரம் வருமாம். அதற்கும் மேடம் குரலை உயர்த்தவில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. கட்டு அவிழ்த்ததும் உலகம் நீலமும் வெள்ளையுமாக வந்து இறங்கியது. லாரிகள் வட்டங்களைக் கழற்றிவிட்டன. ரயில்வே போர்டுகளைத் துடைத்துவிட்டது. நான் வருடக்கணக்கில் வெள்ளைச் சட்டை என்று போட்டுக்கொண்டு போனது வெள்ளை இல்லை என்று தெரிந்தது. "நான் சொன்னப்போ நம்பலையே" என்றாள் மனைவி. பாத்ரூமில் பொட்டுகள் ஒவ்வொன்றும் பச்சை விளக்காக எரிந்தன. ஆனாலும் கருவாட்டுப் பெட்டியைத் திறக்காமல் ஒரு தகட்டைக்கூட அப்புறம் நான் பார்க்கவில்லை. பெட்டியின் பெயரைச் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தோம். மேடம் ஒரு நாள் அவரே, "பாலு, கருவாடு எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

ஒரு வருடம் ஆகியிருக்கும். செல்வியின் சீரம் வந்தது. பழைய குப்பி அறுநூற்று நாற்பதில் எரிந்தது, நான் பார்த்தேன், மேடமும் பார்த்தார். அதே தகட்டில் புதியது இருபதோடு அணைந்தது. சிறுநீரில் பட்டை மஞ்சளாகவே நின்றது. மாத்திரை பாதிக்கும் கீழே வந்திருந்தது. ரிப்போர்ட்டைத் தபாலில் அனுப்பலாம், டாக்டரே சொல்லுவார். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே கோவிலம்பாக்கம் போனேன். பஸ் நம்பரைத் தூரத்திலிருந்தே படித்து ஏறினேன்.

குடை அங்கேயே இருந்தது. காலில் செருப்பு இருந்தது. ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படித்தாள். "இருவதா? யாரு பாத்தது?"

"ரெண்டு பேரும் பாத்தோம். பழசையும் சேத்து."

"அப்போ செரி" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் ஒரு மன்னிப்பை வீட்டிலிருந்தே தயாரித்துக் கொண்டுவந்திருந்தேன். நல்ல தமிழில், மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்தின் பாதியில், "அத்த வுடு சார். இன்னா மீன் வோணும்?" என்றாள்.

கூடையைப் பார்த்தேன். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதுக் கண், காலை வெளிச்சம், எதிரே வரிசையாக மீன்கள். எல்லாவற்றையும் பார்த்து, கண் பளிங்கு மாதிரி தெளிந்திருந்த ஒரு சங்கராவை எடுத்து அவள் தராசில் வைத்தேன்.

அவள் அதை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டாள். "உனுக்குன்றதால சொல்றேன். அது நேத்து மீனு சார், ஐஸ்ல இருந்தது."

"கண்ணு தெளிவா இருக்கேம்மா?"

"கண்ண மட்டும் பாத்துகினு இருந்தா ஆச்சா? செவுளத் தூக்கினியா? வயித்த அமுக்கினியா?" கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாள். குழி விழுந்தது. அப்படியே நின்றது.

கனகா அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, சாரு கண்ணு ஆபரேசன் பண்ணிகினாருன்ன?"

"கண்ணுதான்க்கா புச்சு" என்றாள் செல்வி, வேறொரு மீனைத் தராசில் போட்டபடி. "ஆளு அதே ஆளு."